எண்ணாத கை

ஈச்சங்காட்டுத் தெருவுக்கென்று தனியாக ஒரு சபை இருக்க வேண்டும், அதன் தலைவரைத் தெருக்காரர்களே கூடிக் கைதூக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, சபை என்றால் என்னவென்று தெரியாமலேயே நாங்கள் எல்லோரும் அதற்குத் தயாரானோம். தெருவைப் பெருக்கினோம், நாய்களை விரட்டினோம், அரிசி ஆலையின் களத்தில் பந்தல் போட்டு மைக் செட்டுக்காரரிடம் பாட்டு வைக்கச் சொன்னோம், கல்யாணமா சடங்கா என்று விசாரித்துக்கொண்டு வந்த பக்கத்துத் தெருக்காரர்களிடம் சபை என்று சொல்லி அவர்கள் முகம் விழுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம்.

தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் சிமெண்ட் கடை ஆவுடையப்பன். தெருவில் யார் வீடு கட்டினாலும் அவர் கடை மூட்டைதான், யார் வீடு பாதியில் நின்றாலும் அவருக்குத்தான் முதலில் தெரியும். இன்னொருவர் மரியசூசை, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். தெருவின் கீழ்க்கோடிக்குக் குழாய் கொண்டுவருவேன் என்று அவர் சொல்லியிருந்தார். கீழ்க்கோடியில் கடைசி வீடு உலகம்மையுடையது. புறம்போக்கில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. புருஷன் கேரளாவில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தான். அவள் மடியில் பீடி இலை பரப்பிய சுளகை வைத்துக்கொண்டு, சுளகுக்கு அந்தப் பக்கம் வடிவு என்ற ஒரு வயதுப் பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு, இலையையும் தூளையும் தவிர வேறெதையும் பார்க்காமல் பீடி சுற்றுகிறவள். தண்ணீருக்கு மேல்கோடிவரை நடக்க வேண்டியிருந்ததால் மரியசூசைக்குக் கை தூக்குவது என்று முடிவு செய்திருந்தாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

தேர்தலை நடத்த நகராட்சியிலிருந்து ஊருக்குப் புதிய ஓர் இளம் அதிகாரி வந்திருந்தார். கைகளை எண்ண நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று அவர் கேட்டதும் எல்லோரும் நயினாரைக் காட்டினோம். நயினார் அரிசி ஆலையில் நெல் அளக்கிறவர். நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை, ஒற்றையில் ஆரம்பித்தால் ஒற்றையாகவே போய்விடும் என்று ஒரு பயம். அதனால் முதல் மரக்காலுக்கு லாபம் என்று பெயர், அடுத்ததிலிருந்துதான் ரெண்டு, மூன்று. நயினார் நெல்லைத் தவிர வேறெதையும் வாழ்க்கையில் எண்ணியதில்லை.

முதலில் மரியசூசைக்குக் கை தூக்கச் சொன்னார்கள். பிள்ளை அழுதால் எழுந்துபோக வசதியாக உலகம்மை முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இடது கையில் வடிவைப் பிடித்துக்கொண்டு வலது கையைத் தூக்கினாள். நயினார் அவள் மணிக்கட்டைத் தொட்டு, களத்தில் இழுத்துச் சொல்கிற அதே குரலில், "லாபம்..." என்றார். மைக்கில் அது தெரு முழுக்கக் கேட்டது.

"என்னங்க லாபம்? நம்பர் சொல்லுங்க. ஒண்ணுல இருந்து சொல்லுங்க," என்றார் அதிகாரி.

அளவில் தப்பு என்று நயினாரை அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. மிரண்டுபோனார். அதற்குள் அவர் கை அடுத்தவளின் கைக்குப் போய்விட்டிருந்தது. அங்கேயிருந்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கொண்டு போய்விட்டார். அப்படியாக உலகம்மையின் கை லாபமாயிற்று, எண்ணாகவில்லை. பிறகு ஆவுடையப்பனுக்கு எண்ணினார்கள், மிரண்ட நயினார் உலகம்மை உட்கார்ந்திருந்த பக்கமே வரவில்லை. ஒரு கை அதிகம் பெற்று ஆவுடையப்பன் ஜெயித்தார், வெடி போட்டார்கள், எல்லோரும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தோம். உலகம்மையின் கை மட்டும் இறங்கவில்லை.

"ஏட்டி உலகம்மை, கையைக் கீழ போடு. ரெண்டு பேருக்கும் தூக்குதே, வெக்கமா இல்ல?" என்று பக்கத்து வீட்டுச் செண்பகக்கனி தொடையில் கிள்ளினாள்.

"போட முடியல சித்தி."

"முடியலன்னா?"

"கை வரமாட்டேங்கு."

ஆலையில் மூட்டை தூக்குகிற இரண்டு பேர் வந்து அந்தக் கையைப் பிடித்துத் தொங்கினார்கள், அதில் ஒருவன், "என்னவே இது, கிணத்து உருளை மாதிரி இருக்கு," என்று காலை மடக்கிக்கொண்டு ஊசலாடிப் பார்த்தான், பிள்ளைகள் எங்களுக்கும் எங்களுக்கும் என்று வரிசையில் நின்றார்கள். சுளுக்கு எடுக்கிறவர் வந்து எண்ணெய் போட்டு நீவிவிட்டு, எலும்பு சரியாக இருக்கிறது, நரம்பு சரியாக இருக்கிறது, கைக்குத்தான் இஷ்டமில்லை என்றார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். நின்றால் தலைக்கு மேலே நின்ற கை, அவள் படுத்தாலும் வானத்தைப் பார்த்து அப்படியே நின்றது. அவளுக்கு மட்டும் காரணம் தெரிந்திருந்தது, பசிக்கிறது என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்: "எண்ணல. அதான் எறங்கல."

செண்பகக்கனி அவள் வீட்டுக்குள் வைத்து அந்தக் கையைத் தொட்டு ஒண்ணு என்று சொல்லிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. சபை கூடி, எண்ணுகிற ஆள் எண்ணினால்தான் அது எண்ணிக்கை. ஆகவே உலகம்மை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிமெண்ட் கடைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, என் கைய மட்டும் ஒரு வாட்டி எண்ணிருங்க. எண்ணுனா எறங்கிரும்."

"எண்ணலாம்மா. எண்ணுனா என்ன ஆகும்? ரெண்டு பேரும் சமம்னு ஆகும். சமம்னா மறுபடியும் தேர்தல். மறுபடியும் பந்தல், மறுபடியும் மைக் செட்டு. சாக்கடைத் தண்ணி போக வாறுகாலுக்குச் சிமெண்ட் வேற இறக்கியாச்சு. ஒன் ஒரு கைக்காகத் தெருவே வாறுகால் இல்லாம கெடக்கணுமா, சொல்லு."

"பிள்ளையச் சரியாத் தூக்க முடியல அண்ணாச்சி. எலை சுத்த முடியல."

"இன்னொரு கை இருக்குல்லா?" என்றார் ஆவுடையப்பன், உண்மையான அக்கறையோடு.

அவள் மரியசூசையிடம் போனாள். அவருக்கு அதற்குள் துணைத்தலைவர் பதவியும், அவர் மகனுக்கு வாறுகால் வேலையின் மேற்பார்வையும் கொடுத்திருந்தார்கள். வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினார், கண்டக்டராக இருந்தபோது சில்லறை இல்லாதவர்களிடம் பேசிய அதே குரலில்.

"எனக்குத்தான் தூக்குனன்னு என்ன சாட்சி? ஆவுடையப்பனுக்கு எண்ணும்போதும் ஒன் கை மேலதான இருந்துச்சி?"

"எறக்க முடியலையே மாமா."

"அதத்தான் நானும் சொல்லுதேன். எறக்க முடியாத கைய யாருக்குன்னு சொல்ல? போம்மா, போ. கால் வலிக்கும், பைய நட."

அதிகாரியோ முடிவை மேலே அனுப்பியாயிற்று, இனி அதைத் திருத்த மேலேயுள்ளவர்களாலும் முடியாது என்றார். நயினார் அவளைக் கண்டால் ஆலைக்குள் போய் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அதன்பிறகு சபையில் அவர் ஒருநாளும் லாபம் என்ற சொல்லைச் சொல்லவில்லை, ஆனால் நாங்கள் சொன்னோம். லாபம் வருது, லாபத்துக்கு வழி விடு, லாபத்தோட பிள்ளை அழுது என்று சொல்லிச் சொல்லி, உலகம்மை என்ற பேர் ரேஷன் கார்டில் மட்டும் மிஞ்சியது.

சபை முதல் கூட்டத்தில் அவளுக்காக வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டது. இரண்டாவது கூட்டத்தில், தாழ்வாகப் போகும் மின்கம்பிகளுக்குக் கீழே அவள் நடக்கக்கூடாது என்று தீர்மானம் போட்டது. பீடிக் கடைக்காரர் ஒற்றைக் கைக்கு இலை கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டதால், வீட்டுக்கு வீடு முறை வைத்து அவளுக்குச் சோறு கொடுப்பது என்று முடிவாயிற்று, நாங்களும் கொடுத்தோம், முந்தின நாள் சோற்றில் புதுக் குழம்பை ஊற்றி. அவள் வீட்டுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாததால் ஆஸ்பெஸ்டாஸில் கை போகிற அளவுக்கு ஓர் ஓட்டை போட்டுக் கொடுத்தோம். அதற்குப் பிறகு வெளியிலிருந்து பார்த்தால் கூரைமேல் ஒரு கை நடந்துகொண்டிருக்கும், அடுப்புப் பக்கம் போகும், வாசல் பக்கம் வந்து திரும்பும், அதற்கேற்ப ஓட்டையை நீளமாக வெட்டிக்கொண்டே போனோம், மழை வந்தால் அந்த நீளத்துக்கும் உள்ளே பெய்தது.

மினிபஸ் எங்கள் தெருமுனையில் நிற்பதேயில்லை என்று ரொம்ப நாளாக ஒரு குறை இருந்தது. லாபத்தைக் காலையில் முனையில் நிறுத்திப் பார்த்தோம். கையைப் பார்த்து பஸ் நின்றது. அதன்பிறகு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் ஆபீஸ் போகிறவர்களும் அவள் பின்னால் வரிசையாக நின்று ஏறிக்கொண்டார்கள், அவள் ஏறவில்லை, அவளுக்குப் போக இடம் இல்லை. பொழுது சாய்ந்ததும் முச்சந்தியில் அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, எல்லா விரல்களையும் சேர்த்து ஒரு பல்பைக் கட்டினோம். மின்கம்பத்துக்கு எழுதிப்போட்டது வருகிறவரைக்கும் என்றுதான் ஏற்பாடு. வெளிச்சத்துக்குப் பூச்சிகள் வந்தன, பூச்சிகளுக்குப் பல்லிகள் வந்தன, பல்லிகள் அவள் முழங்கை வழியாக ஏறி இறங்கின. "கூசலையாட்டி?" என்று கேட்டால், "அந்தக் கை எனக்குத் தெரியாது," என்பாள்.

புருஷன் கேரளாவிலிருந்து ஒருமுறை வந்தான். பெட்டி நிறைய ரொட்டி கொண்டுவந்தான். பல்பு எரிகிற கையை முச்சந்தியில் நின்று பார்த்தான், நாங்கள் அவன் முகத்தைப் பார்த்தோம். "எல்லா ஆம்பளைக்கும் கை காட்டுததுக்கா ஒன்ன விட்டுட்டுப் போனேன்?" என்று கேட்டான். ரொட்டியை எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் காலை மினிபஸ்ஸில் போனான். அந்த பஸ்ஸையும் அவள் கைதான் நிறுத்தியது.

வடிவு வளர்ந்தாள். மற்றப் பிள்ளைகள் அம்மாவின் இரண்டு கைகளுக்கு நடுவில் வளர்ந்ததுபோல அல்ல. ஒரு கைப் பக்கமாகவே சாய்ந்து, விழுந்தால் தானே எழுந்து, அம்மாவின் இடது தோளில் கால்வைத்து மரம் ஏறுவதுபோல ஏறி வளர்ந்தாள். பகலில் வேலையில்லாத நேரத்தில் உலகம்மை பிள்ளையை எதிரே உட்காரவைத்துக்கொண்டு, "அம்மை ஒருநாள் ஒன்ன ரெண்டு கையாலயும் தூக்குவேன் பாரு," என்பாள், வடிவு தலையை ஆட்டிவிட்டுப் புளியங்கொட்டை விளையாடப் போய்விடுவாள். கையை எண்ணிவிடுங்கள் என்ற ஒன்றைத் தவிர உலகம்மை சபையில் எதையும் கேட்டதில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசியில் எழுந்து கேட்பாள், எழுந்ததும் அவள் கை பந்தலில் இடிக்கும், நாங்கள் சிரிப்போம், ஆவுடையப்பன், "அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்," என்பார்.

ஏனென்றால் கூட்டத்துக்கு அவள் தேவைப்பட்டாள். தெருச் சபையில் எந்தத் தீர்மானத்துக்கும் பொதுமக்களில் ஒருவராவது கைதூக்கியிருக்க வேண்டும் என்று விதி. ஆரம்பத்தில் தூக்கிக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் தூக்கினால் யாருக்கோ பகையாகிறது, தூக்காவிட்டால் இன்னொருவருக்குப் பகையாகிறது என்பதால், லாபத்தை முன்னால் ஒரு முக்காலியில் உட்காரவைத்தோம், தீர்மானத்தை வாசித்ததும் ஆவுடையப்பன், "கை இருக்கா?" என்பார், நயினார் நிமிர்ந்துகூடப் பாராமல், "இருக்கு," என்பார், எண்ணமாட்டார், ஒரு கையை என்ன எண்ணுவது, தீர்மானம் நிறைவேறிவிடும். வாறுகால் இப்படித்தான் மேல்கோடியோடு நின்றது. குழாய் இப்படித்தான் ஆவுடையப்பன் கடைக்குப் போயிற்று. யாரும் யாருக்கும் பகையில்லாமல், போண்டாவும் டீயும் சாப்பிட்டுக்கொண்டு, மற்ற தெருக்காரர்கள் பொறாமைப்படுகிற மாதிரி எங்கள் சபை நடந்தது.

பிறகு மின்கம்பம் வந்துவிட்டது. மினிபஸ்ஸுக்கு முனையில் நிறுத்தப் பலகையும் வந்தது. எதுவும் கட்டாத கையோடு லாபம் நாள் முழுக்க வீட்டில் இருந்தாள், முறைச்சோறு கொடுக்கிறவர்கள் இதை எவ்வளவு காலத்துக்கு என்று பேச ஆரம்பித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் சபைக்குச் சொந்தமாகக் கட்டடம் கட்டிக்கொள்ள உத்தரவு வந்தது. இடம் தெருவே காட்ட வேண்டும். புறம்போக்கு தெருவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதன்மேல் கூரையில் நீளமாக ஓட்டை போட்ட ஒரு வீடும் இருந்தது.

ஆள் குடியிருக்கிற இடம் என்பதால் அதிகாரி முன்னிலையில் முறைப்படி எண்ணி நிறைவேற்ற வேண்டும் என்றார்கள். அதே அதிகாரி வந்தார், கொஞ்சம் பருத்திருந்தார். தீர்மானத்தை ஆவுடையப்பனே வாசித்தார். கீழ்க்கோடிக் கடைசி வீட்டை அப்புறப்படுத்தி, அந்த இடத்தில் தெருச் சபைக் கட்டடம். உலகம்மை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள், வடிவு அவள் காலடியில் மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்," என்றார் அதிகாரி.

ஒருவரும் தூக்கவில்லை. பாவம் யார் தலையில் விடியும் என்று எல்லோருக்கும் இருந்தது. செருப்பைத் தேடினோம், சேலை முந்தானையைச் சரிசெய்தோம், பந்தலில் ஒட்டுப் போட்ட இடத்தைப் பார்த்தோம். முன்னால் ஒரு கை மட்டும் நின்றது.

"சார், இது நான் தூக்குனது இல்ல," என்றாள் உலகம்மை.

"தூக்கியிருக்கேம்மா."

"இது இதுக்குத் தூக்குனது இல்ல சார். இது அப்பம் தூக்குனது. மரியசூசை மாமாவுக்கு."

மரியசூசை தொண்டையைச் செருமிக்கொண்டார். பின்னால் யாரோ, "இன்னுமா மாமாவுக்குத் தூக்கிட்டு இருக்கா," என்றதும் பந்தல் முழுக்கச் சிரித்தது, அதிகாரியும் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் கொஞ்சம் கண்டிப்பானார். "எண்ணிச் சொல்லுங்க," என்றார்.

நயினார் எழுந்து வந்தார். அவளைப் பார்க்காமல் அவள் மணிக்கட்டைத் தொட்டார். "ஒண்ணு," என்றார்.

கை இறங்கியது. முதலில் விரல்கள் மடங்கின, பிறகு மணிக்கட்டு சாய்ந்தது, முழங்கை நெல் மூட்டை சரிவதுபோலச் சரிந்து, முழுக் கையும் அவள் மடியில் வந்து விழுந்தது. வெயிலில் கறுத்து, பல்பு சுட்ட தழும்புகளோடு, வேறு யாருடைய கையோ போல அது கிடந்தது. உலகம்மை அதைப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள். அவள் சிரித்ததை எங்களில் பலர் அன்றுதான் பார்த்தோம்.

"எதிர்க்கிறவங்க?" என்றார் அதிகாரி.

ஆவுடையப்பனின் முகம் போன போக்கு எல்லோருக்கும் தெரிந்தது. அந்தக் கை இப்போது ஒருமுறை மேலே போனால் போதும், ஒன்றுக்கு ஒன்று, தீர்மானம் விழும், வீடு நிற்கும். "தூக்குட்டி," என்று செண்பகக்கனி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள், "வீடு போவுதுட்டி, தூக்கு." அப்படிச் சொன்னவள் தன் இரண்டு கைகளையும் மடிக்குள் இறுக்கி வைத்திருந்தாள்.

உலகம்மையின் கை நெஞ்சுவரை போனது. அங்கே நின்றது. அவள் நயினாரைப் பார்த்தாள், நயினார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே போனால் மறுபடியும் இறங்கும் என்று அவளுக்கு யார் சொல்ல முடியும்? அவள் நெஞ்சுவரை போன கையைத் திருப்பி, இடது கையையும் கூட நீட்டி, முக்காலியிலிருந்து குனிந்து, "வாட்டி வடிவு," என்று பிள்ளையைத் தூக்கப் போனாள்.

வடிவு நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு நினைவு தெரிந்த நாள் முதல் மேலேயே நின்ற கை தன்னை நோக்கிக் கீழே வந்துகொண்டிருந்தது. ஓங்கின கை இறங்கினால் என்ன ஆகும் என்று மற்ற வீடுகளில் அவள் பார்த்திருக்கிறாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டாள்.

"ரெண்டு கை இருக்கு சார்," என்றார் நயினார் மெதுவாக.

அதிகாரி எட்டிப் பார்த்தார். "சின்னப் பிள்ளைங்க கையெல்லாம் எண்ணக்கூடாதுங்க," என்றார். எதிர்ப்பு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், ஆவுடையப்பனின் ஆட்கள் வெடிச் சரத்தைப் பிரித்தார்கள், பந்தலுக்குப் பின்னால் போண்டா வாசம் வந்தது, நாங்கள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போனோம். முக்காலிக்கு முன்னால் உலகம்மை மண்டியிட்டு, "அடிக்க மாட்டேன்ட்டி, எறக்குட்டி, அம்மைட்டி," என்று சொல்லிக்கொண்டு, தன் இரண்டு கைகளாலும் அந்தச் சின்னக் கைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.